பச்சைக் கோடு அசைகிறதா? கணினியில் சத்தம் வராதபோது எங்கே தேடுவது

கேள்வி இதுதான்: ‘டெஸ்க்டாப் வாங்கி 4 வருடம் ஆகிறது. பின்பக்கம் செருகிய ஸ்பீக்கர் பாடுகிறது. முன்பக்கத் துளையில் ஹெட்போனைச் செருகினால் மட்டும் சத்தமே இல்லை. போன மாதம் புது மானிட்டர் வாங்கியதிலிருந்து சில நாள் ஸ்பீக்கரும் சேர்ந்து ஊமையாகிவிடுகிறது. விண்டோஸை 2 முறை புதிதாகப் போட்டாயிற்று. மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். மாற்றத்தான் வேண்டுமா?’

வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். நீங்கள் சொல்வதில் 2 தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்ததால் ஒரே நோய் மாதிரித் தெரிகிறது. பின்பக்க ஜாக்கில் ஒரு நாள் ஒழுங்காகப் பாட்டு கேட்டாலும், போர்டில் இருக்கும் ஒலிச் சில்லு உயிரோடுதான் இருக்கிறது. செத்துப்போன சில்லு நாள் பார்த்துப் பாடாது.

சத்தம் வரவில்லை என்றதும் எல்லோருக்கும் முதலில் டிரைவர் மேல்தான், அதாவது ஒலிக்கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள் மேல்தான், கை போகிறது. டிரைவரை அழி, மறுபடி போடு, அதிலும் சரியாகவில்லையா, விண்டோஸையே போடு. 20 வருடமாக உறவுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் கணினிகளையெல்லாம் திறந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: டிரைவர் குற்றவாளியாக இருந்ததைவிட தவறான இடம் தேர்வாகியிருந்ததும், பாதி செருகிய பிளக்கும், அறுந்த ஒயரும்தான் அதிகம். டிரைவரைத் தொடும் முன் சத்தம் எந்த இடத்தில் தொலைகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் ஏரி வற்றிவிட்டது என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. மதகிலிருந்து வாய்க்கால் வழியே நடந்து பார்ப்பார்கள். சத்தத்துக்கும் அப்படி ஒரு வாய்க்கால் உண்டு. பாட்டு ஓடும் பிரௌசர், அதற்கு அடுத்து விண்டோஸின் வால்யூம் மிக்சர், எந்தக் கருவிக்கு அனுப்புவது என்ற தேர்வு, டிரைவர், போர்டின் சில்லு, ஜாக், ஒயர், கடைசியில் உங்கள் காது. இதில் சரியாக நடுவில் நின்று எட்டிப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

டாஸ்க்பாரில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து சவுண்ட் செட்டிங்ஸுக்குள் போங்கள். விண்டோஸ் 11 என்றால் பக்கத்தின் அடிவரை போனால் ‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’ என்று இருக்கும். விண்டோஸ் 10 என்றால் ‘சவுண்ட் கண்ட்ரோல் பேனல்’. அழுத்தினால் பழைய காலத்துச் சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் ‘ப்ளேபேக்’ என்ற முதல் பக்கத்தில் கணினிக்குத் தெரிந்த ஒலிக்கருவிகள் எல்லாம் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் வலப்பக்கமும் செங்குத்தாக ஒரு கோடு இருக்கும். இப்போது ஏதாவது பாட்டை ஓடவிட்டு அந்தக் கோடுகளைப் பாருங்கள். சத்தம் போகிற கருவியின் கோட்டில் பச்சை நிறம் ஏறி இறங்கும்.

இதில் 3 விதமாக நடக்கலாம்.

எந்தக் கோடும் அசையவில்லை என்றால் சத்தம் உள்ளேயே நின்றுவிட்டது. ஹெட்போனைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவதில் பயனில்லை. பிரௌசரில் அந்த டேப் மட்டும் மியூட் ஆகியிருக்கும், அல்லது வீடியோவுக்குள்ளேயே இருக்கும் வால்யூம் பூஜ்யத்தில் கிடக்கும், அல்லது வால்யூம் மிக்சரில் அந்த ஒரு செயலி மட்டும் கீழே இறக்கப்பட்டிருக்கும். ஒரு செயலியில் வராத சத்தம் இன்னொன்றில் வருகிறதா என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எதிலுமே வரவில்லை என்றால் விண்டோஸின் பின்னணி வேலைகளைக் காட்டும் ‘சர்வீசஸ்’ பட்டியலைத் திறந்து ‘விண்டோஸ் ஆடியோ’, ‘விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயிண்ட் பில்டர்’ என்ற இரண்டும் ஓடுகின்றனவா என்று பார்த்து, ரீஸ்டார்ட் கொடுங்கள். இந்த வகையில் இதற்குமேல் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை.

அடுத்தது, கோடு அசைகிறது, ஆனால் வேறு ஏதோ ஒரு கருவியில் அசைகிறது. உங்கள் ஸ்பீக்கர் சில நாள் ஊமையாவதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். புது மானிட்டரை எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இணைத்திருப்பீர்கள். அந்தக் கேபிள் படத்தோடு சத்தத்தையும் சுமக்கும். அதனால் விண்டோஸ் மானிட்டரையும் ஒரு ஒலிக்கருவியாகப் பட்டியலில் சேர்த்துவிடும். மானிட்டரில் ஸ்பீக்கர் இருக்கிறதா இல்லையா என்ற கவலை அதற்குக் கிடையாது. கிராபிக்ஸ் டிரைவர் புதுப்பித்த பிறகோ, மானிட்டர் தூங்கி விழித்த பிறகோ, பிரதானக் கருவி சத்தமில்லாமல் அங்கே மாறிவிடும். பாட்டு ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் பாட வாய் இல்லாத மானிட்டர் அது.

ப்ளேபேக் பக்கத்தில் உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து ‘செட் டிஃபால்ட்’ கொடுங்கள். மானிட்டரில் சத்தம் கேட்கும் எண்ணமே இல்லை என்றால் அதன் மேல் ரைட் கிளிக் செய்து ‘டிசேபிள்’ செய்துவிடுங்கள். படத்துக்கு ஒன்றும் ஆகாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். சில மானிட்டர்களின் பின்புறம் ஹெட்போன் செருக ஒரு துளை இருக்கும். அதில் செருகிக் கேட்பவர்களுக்கு இந்த எச்டிஎம்ஐ கருவிதான் பிரதானமாக இருக்க வேண்டும், அணைத்துவிடக் கூடாது. ஒரு குறிப்பிட்ட செயலியின் சத்தம் மட்டும் வேறு எங்கோ போகிறது என்றால் செட்டிங்ஸில் உள்ள வால்யூம் மிக்சரில் அந்தச் செயலிக்கென்று தனியாக ஒரு கருவி பதிந்திருக்கும். அதையும் டிஃபால்டுக்கு மாற்றுங்கள்.

அதே சின்னப் பெட்டியில் ‘கம்யூனிகேஷன்ஸ்’ என்று கடைசியாக ஒரு பக்கம் இருக்கிறது. அழைப்பு வந்தால் மற்றச் சத்தங்களை 80 சதவீதம் குறை என்பதுதான் அங்கே வழக்கமாகத் தேர்வாகியிருக்கும். மீட்டிங்கில் சேர்ந்ததும் பாட்டு கிணற்றுக்குள் போய்விடுகிறது என்று புலம்புகிறவர்கள் இங்கே ‘டூ நத்திங்’ என்று மாற்றினால் போதும்.

மூன்றாவது, சரியான கருவியிலேயே பச்சைக் கோடு துள்ளுகிறது, காதில் மட்டும் ஒன்றும் இல்லை. விண்டோஸ் தன் வேலையை முடித்துவிட்டது. அதை மறுபடி போடுவதில் அர்த்தமே இல்லை. இனி பார்க்க வேண்டியது கணினிக்கு வெளியே, அல்லது ஜாக்கில்.

இங்கே கருவி எதுவும் தேவையில்லாத சோதனை, இடம் மாற்றிப் பார்ப்பது. உங்கள் ஹெட்போனைப் போனிலோ டிவியிலோ செருகிக் கேளுங்கள். வேறொரு ஹெட்போனைக் கணினியில் செருகிக் கேளுங்கள். இரண்டையும் செய்ய வேண்டும், ஒன்றோடு நிறுத்தக் கூடாது. ஹெட்போனும் கெட்டு ஜாக்கும் தளர்ந்திருந்த வீட்டை நானே பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ஒரு மாலை முழுவதும் போனது. ஸ்பீக்கர் என்றால் முதலில் அதற்கு மின்சாரம் போகிறதா, அதன் வால்யூம் திருகு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், மீன்தொட்டியைச் சுத்தம் செய்யும்போது பிளக்கைப் பிடுங்கியவர் வீட்டுக்கு நான் 6 கிலோமீட்டர் போய் வந்திருக்கிறேன்.

பின்பக்கத் துளைகளின் நிறத்துக்கும் அர்த்தம் உண்டு. மைக்ரோசாஃப்டும் இன்டெலும் சேர்ந்து வகுத்த ‘பிசி 99’ வழிகாட்டியிலிருந்து வந்த வழக்கம் அது. பச்சை ஸ்பீக்கருக்கு, ரோஜா நிறம் மைக்குக்கு, வெளிர்நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்குவதற்கு. ஆரஞ்சும் கறுப்பும் இருந்தால் அவை 5.1 ஸ்பீக்கர் தொகுதிக்கு. இருட்டில் கையை விட்டுத் தடவிச் செருகும்போது பச்சைக்குப் பதில் நீலத்தில் போய்விடும். கோடு துள்ளும், ஸ்பீக்கர் பேசாது.

சரி, உங்கள் முன்பக்க ஜாக்குக்கு வருவோம். கேபினெட்டின் முன்னால் இருக்கும் அந்தத் துளை போர்டோடு ஒட்டியது அல்ல. உள்ளே ஒரு சின்னத் தகட்டில் அந்த 2 துளைகளும் இருக்கும், அங்கிருந்து ஒரு மெல்லிய கேபிள் போர்டு வரை ஓடும். முன்பக்கம் ஊமை, பின்பக்கம் நன்றாக இருக்கிறது என்றால் சந்தேகம் முழுவதும் இந்தக் கேபிள் மேல்தான். தூசி துடைக்க ஒரு முறை திறந்தபோது கழன்றிருக்கலாம், பாதி நகர்ந்திருக்கலாம், அல்லது கேபினெட்டை ஒருங்கிணைத்தவர் முதல் நாளே செருகாமல் விட்டிருக்கலாம். நீங்கள் இந்த வருடம்தான் ஹெட்போன் வாங்கினீர்கள் என்றால் இது ஒருபோதும் வேலை செய்ததே இல்லை என்பதுகூடச் சாத்தியம்.

பவர் கேபிளைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைத் திறங்கள். கேபினெட்டின் உலோகத்தை ஒரு முறை தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். பெரும்பாலான போர்டுகளில் கீழ் ஓரத்தில், பின்பக்கத்தை ஒட்டிய மூலையில் 9 பின்கள் 2 வரிசையாக நிற்கும். 10 இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இருக்காது. ஆசஸ் போர்டில் அதன் அருகே ‘ஏஏஎஃப்பி’ என்றும், கிகாபைட்டில் ‘எஃப் ஆடியோ’ என்றும், எம்எஸ்ஐயில் ‘ஜேஆட் 1’ என்றும் ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கும். முன்பக்கத்திலிருந்து வரும் கேபிளின் தலையில் ‘எச்டி ஆடியோ’ என்று எழுதியிருக்கும். அந்தத் தலை இந்தப் பின்களில் உட்கார வேண்டும்.

அவசரப்படாதீர்கள். பக்கத்திலேயே யுஎஸ்பிக்கான பின்களும் இதே 9 கணக்கில்தான் நிற்கும். வித்தியாசம் அந்த இல்லாத பின்னில் இருக்கிறது. யுஎஸ்பிக்கு மூலையில் இருக்க வேண்டிய பின் இருக்காது. ஆடியோவுக்கு மூலைக்கு உள்ளே ஒன்று தள்ளி, 8ஆம் பின் இருக்காது. கேபிளின் தலையிலும் அதே இடத்தில் துளை அடைத்திருக்கும். பொருந்தாவிட்டால் அழுத்த வேண்டாம். யுஎஸ்பியில் 5 வோல்ட் ஓடுகிறது.

பழைய கேபினெட் என்றால் கேபிளில் 2 தலைகள் தொங்கும். ஒன்றில் ‘எச்டி ஆடியோ’, இன்னொன்றில் ‘ஏசி 97’ என்று இருக்கும். ஏசி 97 என்பது பெயரில் உள்ளபடி 1997ஆம் ஆண்டின் முறை. எச்டி ஆடியோ 2004ல் இன்டெல் கொண்டுவந்தது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம், பிளக் செருகப்பட்டது என்பதைக் கணினி எப்படி அறிகிறது என்பதில். எச்டி ஆடியோவில் அதற்கென்றே தனிப் பின்கள் இருக்கின்றன. ஏசி 97 தலையை எச்டி ஆடியோ போர்டில் செருகினால் அந்தத் தகவல் வராது. நீங்கள் ஹெட்போனைச் செருகியது கணினிக்குத் தெரியவே தெரியாது, அதனால் சத்தம் அனுப்பாது.

எச்டி தலையே இல்லாத கேபினெட் என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. ரியல்டெக் சில்லு உள்ள கணினிகளில் ‘ரியல்டெக் எச்டி ஆடியோ மேனேஜர்’ என்ற மென்பொருளில், வலது மேல் பக்கம் ஒரு சின்ன ஃபோல்டர் படம் இருக்கும். அதை அழுத்தினால் ‘டிசேபிள் ஃப்ரண்ட் பேனல் ஜாக் டிடெக்ஷன்’ என்ற தேர்வு வரும். டிக் செய்துவிட்டால், கணினி செருகப்பட்டதா என்று கேட்காமலேயே முன்பக்கத்துக்கும் ஒலியை அனுப்பும். புதிய கணினிகளில் இதன் இடத்தை ‘ரியல்டெக் ஆடியோ கன்சோல்’ பிடித்துக்கொண்டது. அதில் ‘டிவைஸ் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்’ பக்கத்தைப் பாருங்கள். அங்கேயே முன்னும் பின்னும் 2 தனிக் கருவிகளாக இயங்கட்டும் என்ற தேர்வும் இருக்கும். அதைத் தேர்ந்தால் ஹெட்போனும் ஸ்பீக்கரும் பட்டியலில் தனித்தனியாக வரும். ஒன்றைப் பிடுங்காமலே மற்றதற்கு மாறலாம். எனக்கு அந்த ஏற்பாடுதான் பிடித்திருக்கிறது.

ஜாக்கைப் பற்றிப் பேசும்போது இன்னொரு புகாரைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கேட்பவர்கள் பாதிப் பேர் பேய் பிடித்த மாதிரி பயந்துபோய்க் கேட்பார்கள்: ‘இசை வருகிறது, பாடகர் குரல் மட்டும் காணவில்லை.’ படத்தில் பின்னணி இசை கேட்கும், வசனம் கிணற்றடியில் பேசுவது போல் கேட்கும். மென்பொருள் கோளாறு என்று நினைத்து ஈக்வலைசரையெல்லாம் திருகிப் பார்ப்பார்கள். அது பிளக்கின் கோளாறு.

3.5 மில்லிமீட்டர் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். நுனி இடது காதுக்கு, அதற்கு அடுத்த வளையம் வலது காதுக்கு, அதற்குப் பின் இரண்டுக்கும் பொதுவான தரை ஒயர். மின்சாரம் போய்த் திரும்ப அந்தத் தரை வேண்டும். அது தொடாமல் போனால், இடது காதுக்குப் போனது வலது காது வழியே திரும்பும். அப்போது உங்கள் காதில் விழுவது இரண்டு பக்கத்துக்கும் இடையிலான வித்தியாசம் மட்டும். ஒலிப்பதிவில் பாடகர் குரலை இரு பக்கமும் சமமாக வைப்பது வழக்கம். சமமானதில் வித்தியாசம் ஏது? குரல் கழிந்து போய்விடும். பக்கவாட்டில் வைத்த வயலினும் தாளமும் மிஞ்சும். பழைய கரோக்கி பெட்டிகள் குரலை நீக்கியதும் இதே கணக்கில்தான்.

காரணம் பிளக் முழுதாக இறங்காமல் இருப்பது, போன் உறையின் தடிப்பு இடிப்பது, ஜாக்குக்குள் சட்டைப்பை நூல்தூசி அடைந்திருப்பது, அல்லது பிளக்கை ஒட்டிய இடத்தில் தரை ஒயர் அறுந்திருப்பது. மைக் உள்ள ஹெட்போன் என்றால் இன்னொரு வம்பும் உண்டு. அதன் பிளக்கில் 3 கறுப்புக் கோடுகள், 4 உலோகப் பகுதிகள் இருக்கும். டெஸ்க்டாப்பின் துளை 3 பகுதிக்கானது. சில ஜாக்குகளில் தரை தொட வேண்டிய இடத்தில் மைக் தொட்டுவிடும். பிளக்கை ஒரு மில்லிமீட்டர் வெளியே இழுத்தால் குரல் திரும்பி வந்தால் இதுதான் என்று உறுதி. மைக்குக்கு ஒன்று, ஹெட்போனுக்கு ஒன்று என்று பிரித்துத் தரும் ‘ஒய்’ வடிவ ஸ்ப்ளிட்டர் வாங்கிவிடுங்கள். மைக்கும் அப்போதுதான் வேலை செய்யும்.

4 பகுதிப் பிளக்கிலேயே 2 சாதிகள் இருக்கின்றன. இன்றைய போன், லேப்டாப்புகள் பின்பற்றும் ‘சிடிஐஏ’ முறையில் மூன்றாவது பகுதி தரை, கடைசி மைக். பழைய நோக்கியா போன்களோடு வந்த ‘ஓஎம்டிபி’ முறையில் இது தலைகீழ். அலமாரியில் கிடந்த பழைய இயர்போனை எடுத்துப் போட்டால் குரல் காணாமல் போகும். ஒயரில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தால் சட்டென்று முழு இசையும் கேட்கும். விட்டால் மறுபடி போய்விடும். பொத்தான் மைக்கையும் தரையையும் இணைத்துவிடுவதால் நடக்கும் வேடிக்கை அது. அதற்கென்று ஒரு மாற்று அடாப்டர் கிடைக்கும், ஆனால் அந்தக் காசுக்குப் புது இயர்போனே வாங்கிவிடலாம்.

ஒரு காதில் மட்டும் கேட்கிறது என்றால் முதலில் ஹெட்போனைத் திருப்பி மாட்டிப் பாருங்கள். ஊமைப் பக்கம் ஹெட்போனோடு சேர்ந்து மறு காதுக்குப் போனால் கோளாறு ஹெட்போனில் இருப்பது போலத் தோன்றும். ஆனால் கணினி இடப்பக்கத்துக்கு ஒலி அனுப்பாவிட்டாலும் இப்படித்தான் இருக்கும். எனவே போனில் செருகிக் கேட்டு முடிவு செய்யுங்கள். போனில் இரண்டு பக்கமும் கேட்டால், விண்டோஸில் அந்தக் கருவியின் ‘பேலன்ஸ்’ ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். போனிலும் ஒரு பக்கம் இல்லையென்றால் பிளக்கை ஒட்டியுள்ள ஒயரை மெல்ல வளைத்துப் பாருங்கள். விட்டு விட்டுக் கேட்டால் அங்கேதான் அறுந்திருக்கிறது. ஈயம் வைக்கத் தெரிந்தவர் அந்த இரண்டு அங்குலத்தை வெட்டிவிட்டுப் புதுப் பிளக் பொருத்தித் தருவார்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இதன் நேர்மாறு வரும்: ஹெட்போனில் கேட்கும், பிடுங்கிய பிறகும் லேப்டாப் ஸ்பீக்கர் பேசாது. ஜாக்குக்குள் பிளக் இருக்கிறதா என்று பார்க்கும் சின்னத் தகடு ஒன்று இருக்கிறது. அது அமுங்கியே நின்றுவிட்டால் லேப்டாப் ஹெட்போன் இன்னும் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும். பிளக்கைப் பத்துப் பதினைந்து முறை செருகி எடுத்து, செருகியபடியே சற்றுச் சுழற்றினால் பெரும்பாலும் விடும். பழைய மேக்புக்குகளில் இதே கோளாறு வந்தால் துளைக்குள் சிவப்பு விளக்கு எரியும். அந்த ஜாக்கிலேயே ஒளியிழை வழியாக டிஜிட்டல் ஒலி அனுப்பும் வசதியும் இருந்ததால், கணினி அந்த முறைக்குப் போய்விட்டது என்று பொருள். வைத்தியம் அதே செருகி எடுப்பதுதான். சுத்தம் செய்ய வேண்டுமென்றால் லேப்டாப்பை அணைத்துவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை மெல்லிய பஞ்சில் லேசாகத் தொட்டு, காய்ந்த பிறகு போடுங்கள். தேங்காய் எண்ணெய் விட்ட ஒரு லேப்டாப் என்னிடம் வந்தது. வேண்டாம்.

ஹெட்போனை யுஎஸ்பி டைப் சி துளையோடு இணைக்கும் அடாப்டர்களில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. பார்ப்பதற்கு எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். சிலவற்றுக்குள் ஒலியை மாற்றும் சில்லு உண்டு, சிலவற்றுக்குள் வெறும் ஒயர்தான். வெறும் ஒயர் வகை அதற்கென்று வடிவமைத்த சில போன்களில் மட்டும் பேசும், பெரும்பாலான லேப்டாப்புகளில் பேசாது. வாங்கும்போது உள்ளே ‘டிஏசி’ என்ற அந்தச் சில்லு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ப்ளூடூத் ஹெட்போனில் வரும் புகார் வேறு மாதிரி. பாட்டு அருமையாக ஓடிக்கொண்டிருக்கும். மீட்டிங்கில் சேர்ந்த நொடியில் எல்லாம் பழைய தொலைபேசி போலச் சூம்பிப்போகும். ஹெட்போன் கெடவில்லை. ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு ஒரு வழி. பாட்டுக்கான ‘ஏ2டிபி’ இரு காதுக்கும் நல்ல தரத்தில் அனுப்பும், ஆனால் ஒருவழிப் பாதை, மைக்கைச் சுமக்காது. ஏதாவது ஒரு செயலி மைக்கைக் கேட்டதும் கணினி ‘ஹேண்ட்ஸ் ஃப்ரீ’ வழிக்கு மாறிவிடும். அது அழைப்புக்காக வகுத்தது. ஒற்றை ஒலிதான், பெரும்பாலும் நொடிக்கு 8,000 அல்லது 16,000 ஒலி மாதிரிகள் (சாம்பிள்கள்) மட்டும். சாதாரணப் பாட்டுக்கு 44,100 வேண்டும். தரம் ஏன் இறங்குகிறது என்று இப்போது தெரிந்திருக்கும்.

இதற்கு நான் சொல்லும் வழி எளிது: மீட்டிங் செயலியின் செட்டிங்ஸில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள், ஒலிக்கு மட்டும் ப்ளூடூத் இருக்கட்டும். மைக்கை யாரும் கேட்காதவரை பாட்டு வழி அப்படியே இருக்கும். மீட்டிங் முடிந்தும் தரம் திரும்பவில்லை என்றால் பின்னால் ஏதோ ஒரு செயலி மைக்கை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. டாஸ்க்பாரில் மைக் படம் தெரியும், அந்தச் செயலியை மூடுங்கள்.

ப்ளூடூத் விட்டு விட்டு வருகிறதென்றால் பக்கத்தில் யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்கோ பென்டிரைவோ செருகியிருக்கிறதா என்று பாருங்கள். யுஎஸ்பி 3.0 எழுப்பும் மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது என்று இன்டெலே 2012ல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ப்ளூடூத் ஓடுவதும் அதே அலைவரிசையில்தான். டிஸ்கை மறுபக்கத் துளைக்கு மாற்றினாலே பலருக்குச் சரியாகிவிடும்.

சத்தம் வருகிறது, கூடவே வேண்டாத சத்தமும் வருகிறது என்பவர்கள் அந்தச் சத்தம் எப்படி இருக்கிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஒரே சீராக ‘உம்ம்ம்’ என்று வண்டு முரல்வது போல் இருந்தால் அது நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். லேப்டாப்போடு வெளி ஸ்பீக்கரோ ஆம்ப்ளிஃபயரோ இணைத்திருந்தால், சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். உடனே அடங்கினால் 2 கருவிகளும் 2 வழிகளில் எர்த்தைத் தொட்டு, நடுவில் ஒரு வளையம் உண்டாகியிருக்கிறது. இரண்டையும் ஒரே ஸ்விட்ச் போர்டில் செருகிப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்ற சின்ன டப்பாவை ஒலி ஒயரின் நடுவில் போடலாம். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடலாம். ஆனால் உம்மல் போகிறதே என்று 3 பின் பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிடாதீர்கள். அந்தப் பின் ஷாக் அடிக்காமல் காப்பதற்கு இருப்பது.

திருகைச் சுழற்றும்போது மட்டும் ‘கரகர’ என்றால் வால்யூம் திருகில் தூசி. காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயை விட்டு இருபது முறை திருப்பினால் போய்விடும். மவுஸை நகர்த்தும்போது ‘கிர்ர்’ என்றால் முன்பக்கக் கேபிள் கிராபிக்ஸ் கார்டை உரசிக்கொண்டு போகலாம், ஒதுக்கிக் கட்டிப் பாருங்கள். பாட்டு ஓடும்போது ‘டப் டப்’ என்று வெட்டினால் வேறு ஏதோ டிரைவர், அதிகமும் வைஃபை டிரைவர், கணினியை ஒரு கணம் பிடித்து நிறுத்துகிறது. வைஃபையை அணைத்துக் கேட்டால் தெரியும்.

டிரைவருக்கு இப்போதுதான் முறை வருகிறது. ப்ளேபேக் பட்டியலில் கருவியே இல்லை, அல்லது விண்டோஸ் அப்டேட்டுக்கு மறுநாளிலிருந்து கோளாறு என்றால் சந்தேகப்படலாம். டிவைஸ் மேனேஜரில் ஒலிக்கருவியின் ப்ராப்பர்ட்டீஸுக்குள் போய் ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுத்துப் பாருங்கள். அது மங்கலாக இருந்தால் கருவியை ‘அன்இன்ஸ்டால்’ செய்து கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் தானே மறுபடி போட்டுக்கொள்ளும். அதுவும் உதவாவிட்டால் போர்டு அல்லது லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கானதை மட்டும் எடுங்கள். ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரையும் புதுப்பித்துத் தருகிறேன் என்று வரும் மென்பொருள்களை நான் எந்தக் கணினியிலும் விடுவதில்லை.

போர்டு போனதா இல்லையா என்று சந்தேகமில்லாமல் தெரிய வேண்டுமா? விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான உபுண்டுவைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமல் ‘ட்ரை’ கொடுத்து ஓடவிட்டு, ஒரு பாட்டைப் போடுங்கள். அங்கே கேட்டால் போர்டு நலம், கோளாறு விண்டோஸில். எந்த ஜாக்கிலும் அங்கேயும் கேட்காவிட்டால் கடைக்காரர் சொன்னதில் உண்மை இருக்கலாம். அப்போதும் போர்டை மாற்ற வேண்டாம். சில நூறு ரூபாய்க்கு யுஎஸ்பி சவுண்ட் கார்டு கிடைக்கிறது. கட்டைவிரல் அளவு, பெரும்பாலும் தனி டிரைவர் கேட்காது. போர்டின் ஒலிச் சில்லைத் தொடாமலே வேலை செய்யும்.

உங்கள் விஷயத்தில் அவ்வளவு தூரம் போகாது என்று நினைக்கிறேன். இன்று மாலை ஹெட்போனைப் பின்பக்கப் பச்சைத் துளையில் செருகிக் கேளுங்கள், பிறகு ப்ளேபேக் பட்டியலில் மானிட்டரை டிசேபிள் செய்யுங்கள், பிறகு கேபினெட்டைத் திறந்து அந்த 9 பின்னைப் பாருங்கள். கேபிள் ஒழுங்காக உட்கார்ந்திருந்தும் முன்பக்கம் பேசவில்லை என்றால் அந்தச் சின்னத் தகட்டில் இருக்கும் ஜாக்கே தளர்ந்திருக்கும். அதே கேபினெட்டுக்கான தகடு தனியாகக் கிடைப்பது கஷ்டம். பின்பக்கத்திலிருந்து மேசை வரை ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்துவிடுங்கள். என் மேசையிலேயே 3 வருடமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.